பவளத் தொட்டிக்கு லைட் தேர்ந்தெடுப்பது எப்படி: மதுரைச் சூட்டுக்கு ஏற்ற முழுமையான வழிகாட்டி

பவளத் தொட்டி வைக்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது லைட்டைத்தான். நீல வெளிச்சத்தில் மின்னும் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு அன்று இரவே ஆர்டர் போடுகிறார்கள், அப்புறம் அந்த லைட்டுக்கு ஏற்ற தொட்டி எது என்று கேட்டு வருகிறார்கள். வரிசை தலைகீழாகிவிடுகிறது. என்ன பவளம், தண்ணீர் எவ்வளவு ஆழம், வீட்டில் எவ்வளவு சூடு, இந்த மூன்றும் தெரிந்த பிறகு கடைசியாக வாங்க வேண்டியது லைட்.

விளாங்குடியில் என் வீட்டு ஹாலில் 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் ஒரு தொட்டி ஓடுகிறது, கிட்டத்தட்ட 190 லிட்டர். அதில் நான் செய்த தவறுகளையும், திருநகர், ஒத்தக்கடை, திருமங்கலம் பக்கம் புதிதாகத் தொடங்கியவர்களின் தொட்டிகளைப் போய்ப் பார்த்ததையும் வைத்து எழுதுகிறேன்.

0. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

அளவு டேப், ஒரு நோட்டு, நம்பகமான தெர்மாமீட்டர், ஒரு டைமர். தொட்டியில் உப்புத் தண்ணீர் நிரப்பி, கல் அடுக்கி, பம்ப் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

தொட்டி பாக்டீரியா பிடித்துப் பக்குவமாவதற்கு எப்படியும் 4 முதல் 6 வாரம் ஆகும். அந்த நாட்களில் லைட் தேவையே இல்லை. காலித் தொட்டியில் லைட்டைப் போட்டு வைத்தால் வளர்வது பாசி மட்டும்தான். அந்த 6 வாரத்தை வேறொன்றுக்குப் பயன்படுத்துங்கள்: தினமும் காலை 7 மணிக்கும் மதியம் 3 மணிக்கும் இரவு 10 மணிக்கும் தண்ணீர் வெப்பத்தைக் குறித்து வையுங்கள். 6ஆம் படியில் அந்த நோட்டுதான் லைட்டைத் தேர்ந்தெடுக்கப் போகிறது.

1. எந்தப் பவளம் என்று முடிவு செய்யுங்கள்

பவளத்தின் சதைக்குள் ஜூசாந்தெல்லே என்னும் நுண்பாசி குடியிருக்கிறது. அது ஒளியை வைத்து உணவு தயாரித்து, அதில் பெரும்பங்கைப் பவளத்துக்குக் கொடுக்கிறது. ஆக நாம் ஒளி கொடுப்பது அந்தப் பாசிக்கு. எந்தப் பவளம் கடலில் எந்த ஆழத்தில் வாழ்ந்ததோ அந்த ஆழத்து ஒளிக்கு அதன் பாசி பழகியிருக்கும், அதனால்தான் எல்லாப் பவளத்துக்கும் ஒரே லைட் சரிப்படாது.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது சாஃப்ட் கோரல், அதாவது கல் கூடு கட்டாத மென்மையான பவளம் மட்டும்: மஷ்ரூம், ஜோவாந்தஸ், டோட்ஸ்டூல் லெதர், கென்யா ட்ரீ. இவை குறைந்த ஒளியிலும் வாழும், சின்னத் தவறுகளைத் தாங்கும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. பாறை கட்டும் கல் பவளங்கள் அனைத்தும், கடல் விசிறி, கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், ஆர்கன் பைப் பவளம் எல்லாமும் 2001 முதல் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் போய் வரும்போது கரையில் கிடந்த துண்டு என்று எடுத்து வருவதும், அங்கிருந்து யாரோ பாக்கெட்டில் கொண்டுவந்து தருவதை வாங்குவதும் குற்றம். 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறை. லைவ் ராக் என்று விற்பதும் செத்த பவளத்தின் எலும்புக்கூடுதான், அதையும் அங்கிருந்து எடுக்கக் கூடாது, செயற்கைக் கல்லே போதும். எந்தப் பவளம் வாங்கினாலும் ரசீதும், அது எங்கிருந்து வந்தது என்பதற்கான ஆவணமும் இல்லாமல் வாங்காதீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி மிச்சம் இருப்பதே நம் கண் முன்னால் சிரமப்பட்டுக்கொண்டிருக்கிறது, நம் ஹாலுக்காக அதில் ஒரு துண்டுகூடக் குறையக் கூடாது.

2. தொட்டியை அளந்து எழுதுங்கள்

நீளம், அகலம், தண்ணீர் ஆழம். கவனியுங்கள், கண்ணாடியின் உயரம் அல்ல, தண்ணீர் மட்டத்திலிருந்து மணல் வரை உள்ள ஆழம். என் தொட்டி 18 அங்குல உயரம், ஆனால் மேலே விட்ட இடைவெளியும் கீழே மணலும் போக 15 அங்குலம்தான் தண்ணீர். இந்த 3 அங்குலத்தால் தேவையான லைட் ஒரு படி குறையும்.

அப்புறம் மேலே குறுக்கே கண்ணாடிப் பட்டை இருக்கிறதா, அது எங்கே வருகிறது என்று பாருங்கள். 3 அடி, 4 அடித் தொட்டிகளில் நடுவில் ஒரு பட்டை வைத்து ஒட்டிவிடுவார்கள். ஒரே லைட்டை நடுவில் மாட்டினால் அந்தப் பட்டையின் மேல் படியும் உப்புத் தூள் ஒளியின் நல்ல பகுதியைத் தடுத்துவிடும். பட்டை இருந்தால் அதற்கு இரு பக்கமும் ஒவ்வொரு லைட் என்பதே சரி.

கற்களின் உயரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பவளம் உட்காரப் போவது மணலிலா, கல்லின் இடுப்பிலா, உச்சியிலா? ஒரே தொட்டியில் உச்சிக்கும் மணலுக்கும் ஒளி இரண்டு, மூன்று மடங்கு வித்தியாசப்படும்.

3. வாட் கணக்கை விடுங்கள், பவளம் இருக்கும் இடத்தின் எண்ணைப் பிடியுங்கள்

திருமங்கலத்தில் ஒரு தம்பி போன் செய்தான். "அண்ணே, 165 வாட் போட்டிருக்கேன், ஜோவா எல்லாம் ஏன் தண்டு தண்டா நீளுது?" போய்ப் பார்த்தால், லைட் தொட்டிக்கு 2 அடி மேலே கூரைக் கொக்கியில் தொங்குகிறது, பாதி வெளிச்சம் சுவரில் அடிக்கிறது. வாட் என்பது லைட் எவ்வளவு கரண்ட் தின்கிறது என்று மட்டும் சொல்லும். பவளத்தின் மேல் எவ்வளவு விழுகிறது என்று சொல்லாது.

அதைச் சொல்வது பார் என்கிற அளவு. 400 முதல் 700 நானோமீட்டர் வரை, அதாவது ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளித்துகள்கள் ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு எத்தனை விழுகின்றன என்ற கணக்கு, மைக்ரோமோலில். நம் ஊர் உச்சி வெயில் ஏறத்தாழ 2000. சாஃப்ட் கோரல் தொட்டிக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டாம்.

நான் பின்பற்றும் எண்கள் இவை. மஷ்ரூமுக்கு 30 முதல் 80. ஜோவாந்தஸ், லெதர், கென்யா ட்ரீக்கு 80 முதல் 150. ஒப்பிட்டுப் பார்க்க, வெளிநாட்டில் வளர்க்கும் பெரிய வாய்க் கல் பவளங்களுக்கு 80 முதல் 150 என்றும், அக்ரோபோரா மாதிரியான சின்ன வாய்க் கல் பவளங்களுக்கு 200 முதல் 350 என்றும் வைத்துக்கொள்கிறார்கள். இணையத்தில் பார்க்கும் அமைப்புகள் பெரும்பாலும் அக்ரோபோராவுக்கானவை. அதை அப்படியே காப்பி அடித்து மஷ்ரூம் தொட்டியில் மாட்டினால் ஒரு வாரத்தில் மஷ்ரூம் சுருங்கிவிடும். புதியவர்களிடம் நான் அதிகம் பார்த்த தவறு இதுதான், ஒளி குறைந்து செத்த சாஃப்ட் கோரலைவிட ஒளி கூடிச் செத்தது அதிகம்.

உங்கள் நோட்டில் தொட்டியின் படம் வரைந்து, எந்த இடத்தில் எந்தப் பவளம், அங்கே எவ்வளவு எண் வேண்டும் என்று எழுதுங்கள். இனி லைட்டைத் தேடும்போது இந்தப் படம்தான் உங்கள் கையில் இருக்க வேண்டிய சீட்டு.

4. நிறத்தைப் பாருங்கள்

கடல் நீர் சிவப்பை முதல் சில மீட்டரிலேயே விழுங்கிவிடும், நீலம்தான் ஆழம் வரை போகும். பவளத்தின் பாசி அந்த நீலத்தை வைத்தே வாழப் பழகியது. 400 முதல் 480 நானோமீட்டர் வரை உள்ள ஊதாவும் நீலமும்தான் நமக்கு முக்கியம். வெள்ளை, பச்சை, சிவப்பு எல்லாம் நம் கண்ணுக்கு இயல்பாகத் தெரிவதற்குக் கொஞ்சம் போதும்.

மீன் கடையில் "அக்வேரியம் லைட்" என்று கேட்டால் நன்னீர்ச் செடித் தொட்டிக்கான 6500 கெல்வின் வெள்ளை லைட்டைத் தருவார்கள். என் முதல் லைட்டும் அதுதான். இரண்டு மாதத்தில் கல் முழுக்கப் பச்சைப் பாசி, மஷ்ரூம் பழுப்பேறிக் கிடந்தது. கடைக்காரர் மேல் தவறில்லை, கடல் தொட்டி என்று நான் சொல்லவே இல்லை. கெல்வின் எண் கூடக் கூட ஒளி நீலமாகும், அதை வைத்து வாங்குவதானால் 14,000 முதல் 20,000 வரை பாருங்கள்.

எல்இடி என்றால் நீலமும் வெள்ளையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கிற வசதி கட்டாயம் வேண்டும். நான் நீலத்தை 60 சதவீதத்தில் வைத்தால் வெள்ளையை 15க்கு மேல் விடுவதில்லை.

ஒரு எச்சரிக்கை. நீல வெளிச்சத்தில் பவளம் பளபளவென்று ஒளிர்வதை வைத்து அது நலமாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். அந்த ஒளிர்வு சதையில் உள்ள ஒரு புரத நிறமியால் வருவது. வெளுக்கத் தொடங்கிய பவளத்தில் பாசியின் பழுப்பு நிறம் குறைந்து, ஒளிர்வு முன்னைவிடப் பளிச்சென்றுகூடத் தெரியலாம். வாரத்துக்கு ஒரு முறை வெள்ளை ஒளியை மட்டும் 5 நிமிடம் போட்டு, அதில் நிறத்தைப் பாருங்கள்.

5. லைட் வகை

மூன்று வகை உண்டு. மெட்டல் ஹேலைட் 150, 250, 400 வாட்டில் வரும். அழகான ஒளி, தண்ணீர் அலையின் நிழல் மணலில் ஆடும். ஆனால் அடுப்பு மாதிரி சூடு. மதுரையில் சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் எந்திரம்) இல்லாமல் அதை நினைக்கவே வேண்டாம்.

டி5 குழல் விளக்கு ஒளியைச் சீராகப் பரப்பும், நிழல் விழாது. 2 அடிக்கு 24 வாட், 3 அடிக்கு 39, 4 அடிக்கு 54. ஒளிச் சீர்மைக்கு இதை அடிக்க வேறில்லை. சிக்கல் என்னவென்றால் 9 முதல் 12 மாதத்துக்கு ஒரு முறை குழலை மாற்ற வேண்டும், கண்ணுக்கு எரிவது மாதிரியே தெரிந்தாலும் ஒளியின் அளவும் நிறமும் இறங்கியிருக்கும். நீலக் குழலை வெளியூரிலிருந்து வரவழைத்து, அது உடையாமல் வந்து சேர வேண்டும் என்று கவலைப்படுவது எனக்கு ஒத்து வரவில்லை.

மிச்சம் எல்இடி. ஏஐ (அக்வா இல்லுமினேஷன்), ரேடியான், கெஸ்ஸில் போன்ற பெயர் பெற்ற லைட்டுகளுக்குத் தயாரிப்பாளரே எந்த ஆழத்தில் எவ்வளவு பார் என்று படம் போட்டுக் கொடுப்பார்கள், விலை கூடினாலும் அந்தப் படம் வேலையைப் பாதியாக்கும். கருப்புப் பெட்டி மாதிரி வரும் 165 வாட் சீன லைட்டுகளும் சாஃப்ட் கோரலுக்குப் போதும், ஒளியைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் இருந்தால். டிம்மர் இல்லாததை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள், 10ஆம் படி ஒளியை மெல்ல மெல்லக் கூட்டுவது, அதை டிம்மர் இல்லாமல் ஒழுங்காகச் செய்ய முடியாது.

கல்யாண மண்டபத்துக்குப் போடும் நீல ஃப்ளட் லைட்டைப் போடலாமா என்று கேட்பார்கள். அது பெரும்பாலும் 460 நானோமீட்டரை ஒட்டிய ஒற்றை நீலம், குறைக்கவும் முடியாது. நல்ல லைட் பக்கத்தில் துணைக்கு வைக்கலாம், அதை மட்டுமே நம்ப வேண்டாம். ஜன்னல் வெயிலில் தொட்டியை வைப்பதும் வேண்டாம். வெயில் ஒளியோடு சூட்டையும் கொண்டுவரும், அதைக் கூட்டிக் குறைக்க நம்மால் முடியாது.

6. சூட்டுக் கணக்கு

மதுரையில் இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் ஏப்ரலில் பவளத்தை இழக்கிறார்கள்.

தண்ணீர் 24 முதல் 27 டிகிரிக்குள் இருக்க வேண்டும். 30ஐத் தாண்டினால் ஆபத்து. சூடும் ஒளியும் தனித்தனி விஷயம் இல்லை: வெப்பம் ஏறும்போது பாசியின் ஒளிச்சேர்க்கை இயந்திரம் தடுமாறும், அதற்கு மேலும் ஒளி விழுந்தால் உள்ளே நச்சு ஆக்சிஜன் உருவாகும், பவளம் தன் பாசியையே வெளியே தள்ளிவிடும். அதுதான் வெளுப்பு. 2016 கோடையில் மன்னார் வளைகுடாவில் கடல் சூடேறி அங்கிருந்த பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. கடலிலேயே அந்த நிலை என்றால் 190 லிட்டர் தண்ணீர் எம்மாத்திரம்.

இப்போது அந்த வெப்ப நோட்டை எடுங்கள். லைட் இல்லாமலேயே மதியம் 3 மணிக்கு 29 டிகிரி காட்டுகிறதா? அப்படியானால் லைட்டின் பணத்தில் பாதியைக் குளிர்விக்க ஒதுக்குங்கள். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள மேல்தள வீடு என்றால் சில்லர் இல்லாமல் தொடங்காதீர்கள். தரைத்தளம், காற்றோட்டம் உண்டு என்றால் தண்ணீர் மேற்பரப்பில் வீசுகிற மாதிரி ஒரு சின்ன ஃபேன் 2, 3 டிகிரி இறக்கும். நம் ஊர்க் கோடைக் காற்று கடற்கரை ஊர்களைவிடக் காய்ந்தது, அதனால் ஆவியாதல் நன்றாக நடக்கும். விலை என்னவென்றால் தினமும் 3, 4 லிட்டர் தண்ணீர் வற்றும். வற்றுவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே தங்கிவிடும், எனவே உப்பில்லாத ஆர்ஓ தண்ணீரை அன்றன்றைக்கு ஊற்ற வேண்டும்.

லைட் எரிகிற நேரத்தையும் நகர்த்துங்கள். நான் மாலை 4 மணிக்குத் தொடங்கி இரவு 11க்கு முடிப்பேன். வீட்டின் உச்சச் சூட்டோடு லைட் சூடும் சேராது, வேலை முடிந்து வந்து உட்கார்ந்து பார்க்கவும் முடியும். பவளத்துக்கு நம் கடிகாரம் தெரியாது, தினமும் ஒரே நேரம் என்றால் போதும்.

கரண்ட் கணக்கு சுலபம். 60 வாட் லைட் இரண்டை முழு வேகத்தில் 8 மணி நேரம் எரித்தாலும் ஒரு நாளைக்கு 0.96 யூனிட், இரண்டு மாத பில்லில் சுமார் 58 யூனிட். 250 வாட் ஹேலைட் ஒன்று 120 யூனிட், அதைக் குளிர்விக்கச் சில்லர் தின்பது தனி. ஏற்கெனவே வீட்டில் ஏசி ஓடி 500 யூனிட்டைத் தொடுகிற குடும்பம் என்றால் ஸ்லாப் மாறும், வீட்டில் பேசிவிட்டு வாங்குங்கள்.

7. எத்தனை லைட், எப்படிப் பரவும்

ஒரு நடுத்தர எல்இடி லைட் 18 முதல் 24 அங்குலச் சதுரத்தை நன்றாக மூடும், அதுவும் சாஃப்ட் கோரல் அளவுக்கு. 2 அடித் தொட்டிக்கு ஒன்று, 3 அடிக்கு இரண்டு, 4 அடிக்கும் இரண்டு.

ஒரே பெரிய லைட்டைவிட இரண்டு சின்ன லைட் நல்லது. பெரிய ஒன்று நடுவில் சுடும், மூலை இருட்டாக இருக்கும், கல்லுக்குப் பின்னால் அழுத்தமான நிழல் விழும். இரண்டு பக்கத்திலிருந்து வந்தால் ஒன்றின் நிழலை மற்றொன்று நிரப்பும். ஒன்று பழுதாகி அனுப்பி வைத்தாலும் இன்னொன்றை வைத்து சமாளிக்கலாம்.

லென்ஸின் கோணத்தையும் கேளுங்கள். 60 டிகிரி லென்ஸ் ஆழத் தொட்டிக்கு, 2 அடிக்கு மேல் தண்ணீர் இருந்தால். ஒன்றரை அடிக்கு 90 முதல் 120 போதும்.

8. மாட்டுவது

தண்ணீர் மட்டத்திலிருந்து 8 முதல் 12 அங்குலம் உயரம். அதற்குக் கீழே இறக்கினால் லைட்டுக்கு நேர் கீழே மட்டும் ஒளி குவியும், தண்ணீரும் தெறிக்கும். மேலே ஏற்றினால் அறைக்கு வெளிச்சம் போடுவீர்கள்.

மூடியுள்ள மரப் பெட்டிக்குள் மாட்டுவதானால் பின்பக்கம் திறந்திருக்க வேண்டும். எல்இடி சூடு தாங்காது, அதன் சூட்டை வெளியேற்றும் உலோகப் பகுதியின் (ஹீட்சிங்க்) காற்று வெளியே போகாவிட்டால் ஆயுள் குறையும்.

பாதுகாப்பு: வயர் நேராகப் பிளக்குக்குப் போகக் கூடாது, பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கி மேலே ஏற வேண்டும். அப்போதுதான் வயரில் வழியும் உப்புத் தண்ணீர் வளைவில் சொட்டும், பிளக்குக்குள் போகாது. அந்த லைனில் மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா, எர்த் சரியா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். உப்புத் தண்ணீர் சாதாரணத் தண்ணீரைவிடப் பல மடங்கு மின்சாரத்தைக் கடத்தும், இதில் சமரசமே கிடையாது.

இன்வெர்ட்டர் இருந்தால் லைட்டை அதில் சேர்க்காதீர்கள், அலை பம்பைச் சேருங்கள். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் நிறுத்தினால் மாலை வரை கரண்ட் வராது. ஒரு நாள் இருட்டைப் பவளம் பொறுத்துக்கொள்ளும், தண்ணீர் அசையாமல் ஆக்சிஜன் இறங்கினால் பொறுக்காது.

9. அளப்பது

பார் மீட்டர் விலை அதிகம். ஊரில் நாலு பேர் சேர்ந்து வாங்கலாம், அல்லது வைத்திருப்பவரிடம் ஒரு நாள் இரவல் கேட்கலாம், அமைக்கும்போது ஒரு முறையும் ஆண்டுக்கு ஒரு முறையும்தான் தேவை. தண்ணீருக்குள் போகிற, நீலத்தைச் சரியாக அளக்கிற சென்சாராக இருக்கட்டும். பழைய சில மாடல்கள் நீலத்தைக் குறைத்துக் காட்டும்.

பம்ப் ஓடும்போதே, கல் இருக்கும்போதே அளங்கள். நீளத்தை மூன்றாகவும் அகலத்தை மூன்றாகவும் பிரித்தால் 9 இடம். ஒவ்வொன்றிலும் மணல் மட்டம் ஒன்று, கல் உச்சி மட்டம் ஒன்று. சென்சார் நேராக மேலே பார்க்க வேண்டும், உங்கள் கை நிழல் விழக் கூடாது. அலையால் எண் ஆடும், அரை நிமிடம் பார்த்து நடுவான எண்ணை எழுதுங்கள். என் தொட்டியில் பாதி வேகத்தில் கல் உச்சியில் 140, நடு மணலில் 85, மூலையில் 40 வந்தது. மஷ்ரூமை மூலைக்கு நகர்த்தினேன், லைட்டைத் தொடவில்லை.

போனில் உள்ள லக்ஸ் ஆப்பை நம்பிப் பலர் ஏமாறுகிறார்கள். லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்கான அளவு, நம் கண் பச்சையை அதிகமாகவும் நீலத்தைக் குறைவாகவும் பார்க்கும். வெயிலில் சுமார் 54 லக்ஸை ஒரு மைக்ரோமோலாகக் கணக்கிடலாம், நீல எல்இடிக்கு அந்தக் கணக்கைப் போட்டால் உள்ளதைவிட மிகக் குறைவாகவே வரும். குறைவு என்று நினைத்து ஒளியைக் கூட்டுவார்கள், பவளம் வெந்துவிடும்.

மீட்டர் கிடைக்கவே இல்லையா? தயாரிப்பாளரின் படத்தில் உங்கள் ஆழத்துக்கான எண்ணைப் பாருங்கள், அது தண்ணீருக்குள் அளந்ததா, வெறும் காற்றிலா என்று கவனியுங்கள். அதில் பாதியிலிருந்து தொடங்குங்கள்.

10. மெல்ல ஏற்றுவது

புது லைட்டை முதல் நாளே நூற்றுக்கு நூறு வைத்தவன் நான். பெட்டியைப் பிரித்த சந்தோஷம். நாலே நாளில் ஒரு ஜோவா குடும்பம் முழுக்க வெள்ளையாகி வாய் மூடிக்கொண்டது, இரண்டு மாதம் காத்தும் பாதிதான் திரும்பியது. அதை நினைத்தால் இன்றும் மனசு கேட்பதில்லை, ஏனென்றால் அதைத் தடுக்க ஒரு திருகைத் திருப்பினால் போதுமாக இருந்தது.

பவளத்தின் பாசி அதிக ஒளிக்குப் பழக வாரக்கணக்கில் ஆகும். முடிவில் 60 சதவீதம் வேண்டுமென்றால் 25 முதல் 30இல் தொடங்குங்கள். வாரம் 5 சதவீதம் ஏற்றுங்கள். எந்த வாரமாவது பவளம் சுருங்கினால் ஏற்றாமல் அங்கேயே நில்லுங்கள்.

புதிதாக வாங்கிய பவளத்தை முதலில் மணலில், ஓரத்தில் வையுங்கள். அது கடையில் என்ன ஒளியில் இருந்தது, பார்சலில் எத்தனை மணி நேரம் இருட்டில் வந்தது என்பது நமக்குத் தெரியாது. இரண்டு வாரம் கழித்து மேலே நகர்த்தலாம்.

நேரம்: முழு ஒளி 7, 8 மணி நேரம். முன்னும் பின்னும் அரை மணி நேரம் மங்கலாக ஏறி இறங்கட்டும். இரவு முழுக்க அலங்காரத்துக்கு நீலத்தை விட்டு வைக்காதீர்கள், அதற்கும் இருட்டு வேண்டும். கையால் போட்டு அணைப்பதும் வேண்டாம், ஊருக்குப் போன நாளில் ஒரு நாள் 3 மணி நேரம், ஒரு நாள் 14 மணி நேரம் என்றாகிவிடும்.

11. பவளத்தைப் பார்த்துப் படிப்பது

ஜோவா தண்டு நீண்டு மேலே எட்டிப் பார்த்தால் ஒளி போதவில்லை. மஷ்ரூம் சுருங்கி ஓரம் மடங்கினால் ஒளி கூடுதல், நிழலுக்கு நகர்த்துங்கள். மஷ்ரூம் பாயாக விரிந்து மெலிந்து கிடந்தால் ஒளிக்கு ஏங்குகிறது.

நிறம் பழுப்பாவதும் வெளுப்பதும் எதிரெதிர். பழுப்பு என்றால் பாசி பெருகியிருக்கிறது, ஒளி குறைவு அல்லது தண்ணீரில் நைட்ரேட், பாஸ்பேட் அதிகம். வெளுப்பு என்றால் பாசி போய்க்கொண்டிருக்கிறது, ஒளி அதிகம் அல்லது சூடு அதிகம். வெளுத்ததைப் பார்த்து "ஒளி பத்தவில்லை போல" என்று கூட்டியவர்கள் மூன்று பேரை எனக்குத் தெரியும். வெளுப்பு தெரிந்தால் முதலில் தெர்மாமீட்டரைப் பாருங்கள், அப்புறம் ஒளியை மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள்.

லெதர் ஒரு வாரம் கை மூடி, மேலே மெழுகு பூசிய மாதிரி நின்றால் பயப்பட வேண்டாம். அது தோல் உரிக்கிறது. லைட்டைத் தொடாதீர்கள்.

எதை மாற்றினாலும் ஒரே ஒரு மாற்றம், அப்புறம் 10 நாள் காத்திருப்பு. ஒளி, தண்ணீர், இடம் மூன்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு எது காரணம் என்று தேட முடியாது.

12. மாதப் பராமரிப்பு

லென்ஸில் உப்புத் தெறித்துக் காய்ந்து வெள்ளைப் படலம் கட்டும். வாரம் ஒரு முறை லைட்டை அணைத்து, ஆறவிட்டு, ஆர்ஓ தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். ஃபேனில் சேரும் தூசியை மாதம் ஒரு முறை பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள், சாலையோர வீடு என்றால் 15 நாளுக்கு ஒரு முறை. மாதக்கணக்கில் விட்டுவிட்டு ஒரே நாளில் துடைத்தால் ஒளி திடீரென்று ஏறும், அப்படி விட்டுப்போயிருந்தால் துடைக்கும் அன்று டிம்மரை 10 சதவீதம் இறக்குங்கள்.

தண்ணீருக்கும் இதே கதைதான். நாள்பட்ட தொட்டித் தண்ணீர் லேசாக மஞ்சளாகும், அந்த மஞ்சள் நீல ஒளியைத்தான் விழுங்கும். ஒரு வெள்ளைத் தட்டைப் பாதி தண்ணீருக்குள் விட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். அந்த மஞ்சளை உறிஞ்சும் கரியான கார்பனைப் போட்டால் இரண்டு நாளில் தெளிந்துவிடும், பவளத்தின் மேல் விழும் ஒளியும் அந்த இரண்டு நாளில் கூடிவிடும். அதனால் கார்பனை மாதம் தவறாமல் கொஞ்சமாகப் போடுங்கள், ஆறு மாதத்துக்கு ஒரு முறை மொத்தமாகக் கொட்டாதீர்கள்.